நான்காவது உருப்படி: ஃபென்டனில் சோதனைப் பட்டையும் அமெரிக்கச் சட்டங்களும்

கேள்வி

விரல் நீளக் காகிதப் பட்டை ஒன்று. விலை ஏறத்தாழ ஒரு டாலர். வாங்கிய தூளிலோ சுரண்டிய மாத்திரையிலோ கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பட்டையின் அலைக்கோடு போட்ட முனையைப் பதினைந்து விநாடி அதில் நனைத்து, மேசைமேல் படுக்க வைத்துச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒற்றைக் கோடு விழுந்தால் அந்தக் கரைசலில் ஃபென்டனில் இருக்கிறது. இரட்டைக் கோடு விழுந்தால், பட்டைக்கு எட்டிய அளவில், இல்லை. கொரோனாச் சோதனைப் பெட்டியிலும் கர்ப்பப் பரிசோதனை அட்டையிலும் இரண்டு கோட்டை ‘உண்டு’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். பட்டையிலுள்ள எதிர்ப்பொருளை மருந்தின் மூலக்கூறு முந்திப் பிடித்துக்கொள்வதால் இரண்டாவது கோடு விழ வழியில்லாமல் போகிறது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கருவியில் இப்படியொரு குழப்பம் இருப்பது சங்கடம்தான். பட்டையைக் கையில் கொடுப்பவர்கள் கோட்டுக் கணக்கை அழுத்திச் சொல்லியே கொடுக்க வேண்டியிருக்கிறது.

போதைப்பொருளைச் சோதிப்பதற்காகச் செய்யப்பட்ட பட்டை அல்ல இது. கனடாவின் ஒன்டாரியோவில் இயங்கும் பிடிஎன்எக்ஸ் போன்ற நிறுவனங்கள் சிறுநீரில் ஃபென்டனில் இருக்கிறதா என்று பார்க்க இதைத் தயாரித்தன. மருத்துவமனையில் இதை வைத்திருப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அதே பட்டை, பிரிக்காத அதே உறையோடு, போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் ஒருவரின் சட்டைப்பைக்கு இடம் மாறியதும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றப் பொருளாகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது? 2018 வாக்கில் தொடங்கி வரிசையாக வந்த சட்டத் திருத்தங்கள் இதை எந்த அளவுக்குச் சரிசெய்தன? திருத்தங்களில் பெரும்பாலானவை பட்டையை விடுவித்தன. சோதித்தல் என்ற செயலோ இன்னும் சந்தேகக் கூண்டிலேயே நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபென்டனில் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து. அறுவை அரங்குகளில் இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கும் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கும் வீரியம் கொண்டது. கள்ளச்சந்தையில் இது ஹெராயினில் கலந்தது, பிறகு ஹெராயினின் இடத்தையே பிடித்தது. மருந்துக்கடை மாத்திரைபோல் அச்சடித்த போலி மாத்திரைகளிலும் புகுந்தது. 2022இல் அமெரிக்காவில் ஓவர்டோஸால் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,08,000 பேர். அவர்களில் 70,000க்கும் மேற்பட்டோரின் சாவில் ஃபென்டனில் உள்ளிட்ட செயற்கை ஓபியாய்டுகளுக்குப் பங்கிருந்தது. இவர்களில் பலர் ஃபென்டனிலைத் தேடி வாங்கியவர்கள் அல்லர்.

1979இன் பட்டியல்

சட்டச் சிக்கலின் வேர் ஃபென்டனில் கள்ளச்சந்தையில் பெருகுவதற்கு வெகுகாலம் முந்தையது. 1970களில் அமெரிக்க நகரங்களில் ‘ஹெட் ஷாப்’ எனப்பட்ட கடைகள் பெருகின. இசைத்தட்டுகளுக்குப் பக்கத்தில் கஞ்சா பிடிக்கும் குழாய்களும் கோக்கெய்ன் கரண்டிகளும் வெளிப்படையாக விற்ற கடைகள் அவை. பெற்றோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. உள்ளூர் நிர்வாகங்கள் அவசரத்தில் இயற்றிய தடைகள் தெளிவின்மை என்ற காரணத்தால் நீதிமன்றங்களில் அடிபட்டன. ஜிம்மி கார்ட்டர் காலத்து வெள்ளை மாளிகை கேட்டுக்கொண்டதன்பேரில் 1979இல் ஒன்றியப் போதைப்பொருள் அமலாக்க முகமையான டிஇஏ ஒரு மாதிரிச் சட்டத்தை வரைந்தது. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதையோ அதன் சாயலையோ ஏற்றுக்கொண்டன. மாநில அளவில் இப்படியொரு சட்டமே இல்லாத அலாஸ்கா விதிவிலக்கு.

அந்தச் சட்டத்தின் பெயரிலுள்ள ‘பாராபர்னேலியா’ என்ற சொல்லைத் தமிழில் ‘போதைத் துணைப்பொருள்’ எனலாம். அதன் பூர்வீகம் வேடிக்கையானது. கிரேக்கத்திலிருந்து ரோமச் சட்டத்துக்கு வந்த அச்சொல், வரதட்சிணைக்கு மேல் மணப்பெண் தன்னோடு கொண்டுவந்து தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும் பொருள்களைக் குறித்தது. ஏறத்தாழ நம் சீதனம். சீதனப் பட்டியல் எழுதுபவர்கள் ஒரு கரண்டியைக்கூட விடமாட்டார்கள். 1979இன் பட்டியலும் அப்படித்தான், கரண்டியைக்கூட விடவில்லை. செடி வளர்க்கும் கருவிகள், தயாரிப்புக் கருவிகள் என்று தொடங்கி, கலக்கும் கிண்ணம், உறை, பலூன், ஊசி, குழாய்வரை பன்னிரண்டு தலைப்புகள். நான்காவது உருப்படி சோதனைக் கருவி: போதைப்பொருளை அடையாளம் காணவோ, அதன் வலிமை, செயல்திறன், தூய்மை ஆகியவற்றை ஆராயவோ பயன்படுவது.

அந்த உருப்படி எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அடுத்தது தராசு. அதற்கும் அடுத்தது எடை கூட்டக் கலக்கும் லாக்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் முதலியவை. சோதனை, தராசு, கலப்படப் பொருள் மூன்றும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டம் வரைந்தவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் வியாபாரி. அல்லது காசுக்கேற்ற சரக்கா என்று பார்க்கும் வாடிக்கையாளர். பாலில் பால்மானியைப் போடுவதுபோல, தண்ணீர் எவ்வளவு ஊற்றியிருக்கிறான் என்று பார்க்கும் சோதனை. சரக்கு வீரியம் குறைந்ததாக இருக்குமோ என்பதே அன்றைய சந்தையின் கவலை. ஃபென்டனில் அந்தக் கவலையைக் கவிழ்த்துப் போட்டது. இன்று பட்டையை நனைப்பவர் அறிய விரும்புவது தன் சரக்கில் தன்னைக் கொல்லக்கூடியது இருக்கிறதா என்பதை. சட்டத்தின் சொற்களோ இரண்டு கவலைகளையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிக்கொண்டன.

நீதிமன்றம் இதில் குறுக்கே நிற்கவில்லை. சிகாகோ புறநகரான ஹாஃப்மன் எஸ்டேட்ஸில் ‘ஃபிளிப்சைட்’ என்ற கடை தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் உள்ளூர்ச் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் தர்குட் மார்ஷல். போதைப்பொருளோடு பயன்படுத்துவதற்கென வடிவமைத்த அல்லது அப்படிச் சந்தைப்படுத்திய பொருள் என்ற வரையறையே போதிய தெளிவுடையது என்றது நீதிமன்றம். அந்தக் கடையில் குழாய்களுக்கு அருகே கஞ்சா பற்றிய புத்தகங்கள் வைக்கப்பட்டிருந்ததும் கணக்கில் வந்தது. பொருளின் தன்மையைவிட அது எங்கே, எதன் பக்கத்தில், எந்த நோக்கத்தோடு இருக்கிறது என்பது முக்கியமாகிவிட்டது. சிறுநீர்ச் சோதனைப் பட்டை மருத்துவமனை அலமாரியில் மருத்துவச் சாதனமாகவும் பட்டை வழங்கும் தொண்டரின் தோள்பையில் குற்றப் பொருளாகவும் இருக்க முடிவது இந்தத் தர்க்கத்தால்தான்.

ஒன்றிய அரசின் மௌனம்

அமெரிக்காவில் இது முழுக்க மாநிலங்களின் பிரச்சினை என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. 1986இல் அஞ்சல்வழி விற்பனையைக் குறிவைத்து இயற்றிய ஒன்றியச் சட்டமும் துணைப்பொருள்களை வரையறுக்கிறது. தயாரித்தல், மறைத்தல், உடலில் செலுத்துதல் என வினைகளை அடுக்கிக்கொண்டே போகும் அந்த வரையறையில் சோதித்தல் என்ற வினை இல்லை. மாதிரிச் சட்டம் வெளியாகி ஏழு ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டத்தில் அந்தச் சொல் விடுபட்டிருப்பது கவனத்துக்குரியது. வேண்டுமென்றே விட்டார்களா, அஞ்சல் வணிகத்தில் சோதனைக் கருவி ஒரு பொருட்டாகத் தெரியவில்லையா என்பதைச் சட்ட வாசகத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. மேலும் ஒன்றியச் சட்டம் தண்டிப்பது விற்பனை, போக்குவரத்து, இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றை. வெறுமனே வைத்திருப்பதை அல்ல.

ஆனால் மௌனம் அனுமதி ஆகிவிடாது, குறிப்பாகப் பணம் என்று வரும்போது. 2018 அக்டோபரில், மனநலம், போதை சார்ந்த பணிகளுக்கான ஒன்றிய முகமையான சாம்சாவின் தலைவர் எலினோர் மக்கான்ஸ்-கட்ஸ் பட்டைக்கு எதிராகவே எழுதினார். அடிமைப்பட்டவர் சோதனை முடிவைப் பார்த்துத் தர்க்கப்படி நடந்துகொள்வார் என்ற எதிர்பார்ப்பே பிழை, சிகிச்சையில் கவனம் செலுத்துங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்றாண்டு கழியவில்லை. 2021 ஏப்ரலில் அதே முகமையும் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் ஒன்றிய நிதியில் ஃபென்டனில் பட்டைகள் வாங்கலாம் என்று அறிவித்தன.

இங்கே ஒரு முரண். 2003இல், போதைப்பொருள் புழங்குவது தெரிந்தே இடம் கொடுப்பவரைத் தண்டிக்கும் பிரிவை இசைக் கொண்டாட்டங்களுக்கும் பொருந்தும்படி விரித்த சட்டத்தை முன்மொழிந்தவர் ஜோ பைடன் என்ற செனட்டர். சோதனைக்கு இடம் கொடுத்தால், போதைப்பொருள் புழங்குவது தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று விழா நடத்துபவர்கள் அஞ்ச இடம் தந்த சட்டம் அது. பட்டைக்கு நிதி திறந்தது அதே பைடன் குடியரசுத் தலைவராக இருந்தபோது.

நிதி அறிவிப்பு இன்னொரு அபத்தத்தையும் கொண்டுவந்தது. ஒன்றியப் பணத்தில் வாங்கிய பட்டையை மாநிலத்தில் கொடுப்பது குற்றமாக இருக்கலாம். 2021 ஆகஸ்ட் நிலவரத்தைத் தொகுத்து, சட்ட ஆய்வாளர் கோரி டேவிஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, சோதனைக் கருவியை வைத்திருப்பது ஐயத்துக்கு இடமின்றிச் சட்டப்படியானதாக இருந்தவை 22 மாநிலங்கள். பெரியவர்களுக்கு அதைக் கொடுப்பது அப்படி இருந்தவை 19. மற்ற இடங்களில் சில, பழைய ஊசிக்குப் பதில் புது ஊசி கொடுக்கும் ஊசிப் பரிமாற்ற மையங்களுக்கு மட்டும் விலக்குத் தந்திருந்தன.

திருத்தங்களின் அலை

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த மாற்றம் வேகமானது. கட்சி எல்லையையும் மதிக்கவில்லை. 2021இல் அரிசோனா. 2022இல் விஸ்கான்சின், ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, பென்சில்வேனியா. 2023இல் ஒஹையோவின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கென்டக்கி, மிசிசிப்பி, கன்சாஸ், ஃபுளோரிடா எனப் பழமைவாத மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. மின்னசோட்டா ஒரு படி மேலே போய்த் துணைப்பொருள் வைத்திருப்பதையே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஊசிப் பரிமாற்றத்தை முப்பது ஆண்டுகளாக எதிர்த்துவந்த அரசியல்வாதிகள் பட்டைக்கு எளிதாகக் கைதூக்கியதற்குக் காரணம் உண்டு. போதைப்பொருளை உடலுக்குள் கொண்டுசெல்வதில் பட்டைக்கு வேலையில்லை. போலி மாத்திரை விழுங்கி இறந்த பதின்வயதினரின் பெற்றோர் சாட்சி சொல்ல வந்தபோது, அவர்களைப் பார்த்துப் ‘போதையை ஊக்குவிக்கிறீர்கள்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

டெக்சஸ் தனிக்கதை. அங்கே பட்டையை வைத்திருந்தால் 500 டாலர்வரை அபராதம். அடுத்தவருக்குக் கொடுத்தால் ஓராண்டுவரை சிறை. வைத்திருப்பவரைவிடக் காப்பாற்றக் கொடுப்பவருக்குக் கடுமை அதிகம். பட்டையைத் தராசோடு சேர்த்து எண்ணிய 1979இன் வியாபாரிக் கற்பனை இங்கே தண்டனை அளவிலேயே வெளிப்படுகிறது. 2022 டிசம்பரில் ஆளுநர் கிரெக் அபட் தம் நிலையை மாற்றிக்கொண்டு திருத்தத்தை ஆதரித்தார். மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் டாம் ஆலிவர்சன் ஒரு மயக்க மருந்து மருத்துவர். ஃபென்டனில் அவர் துறையின் அன்றாட மருந்து. 2023 ஏப்ரலில் கீழவை 143க்கு 2 என்ற வாக்கில் நிறைவேற்றியது. மேலவை அதைத் தொடவேயில்லை. கூட்டத்தொடர் முடிய, மசோதாவும் முடிந்தது. எதிர்த்துத் தோற்கடித்திருந்தால் வாதங்களாவது பதிவாகியிருக்கும்.

சான்றுகளின் எடை

பட்டை உயிர் காக்கிறதா? ஆதரவாளர்கள் இதற்கு ‘ஆம்’ என்று சொல்லும் வேகத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகிவிடுகின்றன.

முதலாவது, பட்டை சரியாகச் சொல்கிறதா என்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், விலையுயர்ந்த கையடக்கக் கருவிகளையும் இந்த ஒரு டாலர் பட்டை மிஞ்சியது. ஃபென்டனில் இருந்த மாதிரிகளை ஏறத்தாழத் தவறவிடவே இல்லை. ஆனால் மெத்தாம்ஃபெட்டமினைக் குறைந்த தண்ணீரில் கரைத்தால் இல்லாத ஃபென்டனிலை இருப்பதாகக் காட்டும். அளவையும் சொல்லாது. லட்டில் முந்திரி ஒரே சீராகவா விழுகிறது? தூளிலும் மாத்திரையிலும் ஃபென்டனிலும் அப்படியே. கிள்ளி எடுத்த மூலையில் இல்லாதது மீதியில் இருக்கலாம்.

இரண்டாவது, முடிவைப் பார்த்து மனிதர் மாறுகிறாரா என்பது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 125 பேரிடம் நடந்த ஆய்வில் 81 விழுக்காட்டினர் எடுத்துக்கொள்வதற்கு முன் பட்டையைப் பயன்படுத்தியிருந்தனர்; 43 விழுக்காட்டினர் தம் பழக்கத்தில் ஏதோவொரு மாற்றம் செய்ததாகச் சொன்னார்கள். வான்கூவரின் கண்காணிப்பு ஊசிமையமான இன்சைட்டிலும், ஃபென்டனில் இருப்பதாக முடிவு வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அளவைக் குறைத்தார்கள். மக்கான்ஸ்-கட்ஸின் ஐயத்துக்கு இவை கணிசமான பதில். எனினும் கிரீன்ஸ்பரோ ஆய்வு அவரவர் வாய்மொழியை நம்பி நிற்பது.

மூன்றாவது, சாவு குறைகிறதா என்பது. மக்கள்தொகை அளவில் இதை நிறுவும் வலுவான சான்று இல்லை. 2024இல் ஓவர்டோஸ் சாவுகள் ஏறத்தாழ 80,000ஆகச் சரிந்ததைப் பட்டையின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஓபியாய்டின் விளைவை முறிப்பதும் 2023இலிருந்து மருந்துச் சீட்டின்றிக் கிடைப்பதுமான நலாக்சோன், மாறிவரும் கள்ளச்சரக்கு, சிகிச்சை விரிவாக்கம் எனப் பல காரணங்கள் அதில் பின்னிக்கிடக்கின்றன. பயன் யாருக்கு என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஃபிலடெல்ஃபியாவின் கென்சிங்டனில் ஹெராயின் என்று விற்பது ஃபென்டனில்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒற்றைக் கோடு செய்தியே அல்ல. கோக்கெய்ன் என்று வாங்கியவருக்கும் வலி மாத்திரை என்று நம்பி வாங்கிய மாணவருக்கும்தான் அந்தக் கோடு செய்தி.

இந்த மூன்றாவது கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்வரை சட்டத்தைத் திருத்தக் கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒருவரைச் சிறையிலடைக்கச் சான்று காட்ட வேண்டியது அரசு. பட்டையால் சாவு கூடியது என்றோ போதைப்பழக்கம் பெருகியது என்றோ 1979இன் சொற்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் எதையும் நிறுவவில்லை.

பெயரா, செயலா

திருத்தங்களின் மொழிக்கு வருவோம். பல மாநிலங்கள் எடுத்த வழி குறுகலானது: துணைப்பொருள் பட்டியல் அப்படியே இருக்கட்டும், ஃபென்டனிலைக் கண்டறியும் கருவி மட்டும் அதில் சேராது. சட்டமன்றத்தில் வாக்குச் சேர்க்க இது வசதி. ஆனால் கள்ளச்சந்தை சட்டமன்றக் கூட்டத்தொடருக்காகக் காத்திருப்பதில்லை. விலங்குகளுக்கு மயக்கம் கொடுக்கும் சைலசீன் ஃபென்டனிலோடு கலந்து ஃபிலடெல்ஃபியாவில் பரவியது. நலாக்சோன் ஃபென்டனிலை முறிக்கும், சைலசீனை முறிக்காது. தோலில் ஆறாத புண்கள் வேறு. 2023 ஏப்ரலில் வெள்ளை மாளிகை இந்தக் கலவையைப் புதிய அச்சுறுத்தலாக அறிவித்தது. அதே ஆண்டில் சைலசீன் பட்டை விற்பனைக்கு வந்தது. ஃபென்டனிலை மட்டும் பெயர்சொல்லி விலக்கிய மாநிலங்களில் இந்தப் புதுப் பட்டை பழைய நான்காவது உருப்படிக்குள் போய் விழுந்தது. ஒரே பையில் இரண்டு பட்டை. ஒன்று சட்டப்படியானது, இன்னொன்று குற்றம்.

2022இல் ஃபென்டனில் பட்டைக்கு விலக்களித்த விஸ்கான்சின், சைலசீன் பட்டைக்கு வழிதிறக்க 2024இல் மறுபடி சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவின் 2022 திருத்தம் வேறு வகை. தீங்கோ சாவோ விளைவிக்கக்கூடிய வேதிப்பொருளோ நச்சுப்பொருளோ கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பொருள்கள் அனைத்தையும் அது விலக்குகிறது; ஃபென்டனில் பட்டை அதற்கு எடுத்துக்காட்டு மட்டுமே. சைலசீனின் இடத்தை மெடெட்டோமிடின் என்ற இன்னொரு விலங்கு மயக்க மருந்து பிடித்தபோது அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரை விலக்குவதற்கும் நோக்கத்தை விலக்குவதற்கும் உள்ள தூரம் இதுதான். நியூசிலாந்து 2021இல் இதைவிடத் தெளிவான பாதையில் போனது: சோதிப்பதை உரிமம் பெற்ற ஒரு சேவையாக வரையறுத்து, சோதிப்பவர் மாதிரியைக் கையில் வாங்குவதையே சட்டப்படியாக்கியது. நெதர்லாந்து 1992 முதல் அரசு ஆதரவோடு சோதனை நடத்திவருகிறது.

கையிலுள்ள மாதிரி

சோதிப்பவர் மாதிரியைக் கையில் வாங்குவது, அமெரிக்கத் திருத்தங்கள் பெரும்பாலும் தொடாமல் விட்ட இடம். பட்டையை விடுவித்தாலும், பட்டை சோதிக்கும் பொருள் தடைசெய்யப்பட்டதுதான். நனைத்த பட்டையிலும் கரைத்த மூடியிலும் ஒட்டியிருக்கும் எச்சத்தை வைத்தே வழக்குப் போட இடமுள்ள மாநிலங்கள் உண்டு. சோதிக்கத் தெரியாத ஒருவர் தொண்டரிடம் பொட்டலத்தை நீட்டினால், அதை வாங்கும் நொடியில் தொண்டர் போதைப்பொருள் வைத்திருப்பவர் ஆகிறார். திருப்பிக் கொடுக்கும் நொடியில் வழங்குபவர் ஆகிறார். ஆகவே அனுபவமுள்ளவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நடுங்கும் கைதான் கரைக்கிறது, நனைக்கிறது.

ஆய்வகச் சோதனைக்கும் இதே முட்டுக்கட்டை உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் தெருப் போதைப்பொருள் ஆய்வகம் அதற்கு ஒரு வழி கண்டது. நாபருண் தாஸ்குப்தாவின் தலைமையில் இயங்கும் அந்த ஆய்வகம், ஊசிப் பரிமாற்ற மையங்கள் போன்ற இடங்களுக்கு விரற்கடைச் சிறு குப்பிகளை அனுப்புகிறது. குப்பியில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் இருக்கும். பொட்டலத்தின் அடியில் ஒட்டிய துகளை அதில் போட்டதும், இனி யாராலும் போதைக்குப் பயன்படுத்த முடியாத கரைசலாக அது மாறிவிடுகிறது. பிறகு அதை அஞ்சலில் அனுப்பலாம். சில நாளில் ஃபென்டனில், சைலசீன், பெயரே கேள்விப்படாத இன்னும் சில என்று முடிவு வந்து சேரும். துகளைச் சுரண்டிய பொட்டலம் அதுவரை யார் சட்டைப்பையில் இருந்ததோ, அவரைப் பொறுத்தவரை 1979இலிருந்து எதுவும் மாறியிருக்காது.